நான்கு சீறொலிகள்

நீலகிரியில் பேசப்படும் தோடர் மொழியில் பாலுக்கும் ‘மொழி’ என்பதற்கும் ஒரே சொல்தான் என்று முதன்முறை கேட்பவர் நினைத்துவிடுவார். இரண்டும் ‘போ’ என்று நீண்டு ஒரு சீறலில் முடிகின்றன. ஆனால் அந்தக் கடைசிச் சீறல் இரண்டிலும் வேறு. நாக்கின் நுனியை மேல்பல்லின் ஈறுக்குச் சற்றுப் பின்னால் கொண்டுபோய்ச் சீறினால் அது பால். நுனியை விட்டுவிட்டு நாக்கின் முன்பரப்பை அண்ணத்தை நோக்கி உயர்த்திச் சீறினால் அது மொழி. இவை தவிர இன்னும் இரண்டு சீறொலிகள் அந்த மொழியில் உண்டு. ஒன்று பல்லை ஒட்டி முன்னால் பிறப்பது. இன்னொன்று, நாம் ‘ட’ சொல்லும்போது போல நுனியைப் பின்னோக்கி மடக்கிப் பிறப்பது. ஆக மொத்தம் நான்கு. உலக மொழிகளில் ஒன்றிரண்டு சீறொலிகளோடு நிற்பவைதான் அதிகம். நான்கை இப்படித் தனித்தனியாக ஆளுகிற மொழிகள் மிகச் சில. 1990களில் ஒலியியலாளர் பீட்டர் லேடஃபோகட்டும் பெரி பாஸ்கரராவும் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து இந்த ஒலிகளைக் கருவிகளால் அளந்தார்கள். நாக்கு அதிர்ந்து பிறக்கும் ரகர வகை ஆடொலிகளில் இந்த மொழிக்கு ஆறு இருப்பதை விவரித்த அவர்களுடைய கட்டுரை 1996இல் வெளிவந்தது.

ஒலியை வீடியோவிலிருந்து பிரித்தெடுப்பது பற்றிய அத்தியாயத்தில் இதெல்லாம் எதற்கு? ஒரு கோப்பிலிருந்து ஒலியை எடுப்பது இரண்டு நிமிட வேலை. நூற்றுக்கணக்கான கோப்புகளிலிருந்து ஒரே மூச்சில் எடுப்பதும், தெரிந்தவருக்கு ஒரு வரிக் கட்டளைதான். ஆனால் அந்த ஒரு வரியில் ஒரு எண்ணைத் தவறாகப் போட்டால் நூற்றுக்கணக்கான கோப்புகளிலும் பாலும் மொழியும் ஒன்றாகிவிடும். சினிமாப் பாட்டை எடுக்கிறவருக்கு அது பெரிய இழப்பில்லை. நீலகிரியின் குரல்களை எடுக்கிறவருக்கு அது பேரிழப்பு.

தமிழ்நாட்டில் ‘குறிப்பாக நலிவுற்றவை’ என்று அரசு வகைப்படுத்திய பழங்குடிகள் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு சமூகங்களும் நீலகிரி மாவட்டத்தில் வாழ்கின்றன. தோடர் எண்ணிக்கை 2011 கணக்கெடுப்பில் சுமார் 2,000. தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் யுனெஸ்கோவின் வரைபடம் மிகக் கடுமையான ஆபத்தில் உள்ளவை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. அதே மலையில் வாழும் படுகர் எண்ணிக்கையில் பெரிய சமூகம். ஆனாலும் படுக மொழியில் உயிரெழுத்துகளையே நாக்கை மடக்கி ஒலிக்கும் ஓர் அரிய வழக்கத்தை மரே எமனோ 1939இல் விவரித்தபோது இருந்த அளவுக்கு இன்று அது பரவலாக இல்லை. எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கியவர். கோத்தர் கதைகளையும் தோடர் பாடல்களையும் சொல்லச் சொல்லக் கேட்டுக் கையால் எழுதியவர். அவர் நோட்டில் எழுதியது இன்றும் படிக்கக் கிடைக்கிறது. பின்னால் வந்த டேப்களும் கோப்புகளும் அப்படிக் கிடைக்குமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இன்று மலையில் ஒலியை மட்டும் தனியாகப் பதிவு செய்பவர்கள் குறைவு. கல்யாணம், சாவு, கோயில் திருவிழா, பாட்டியின் கதை என எல்லாம் வீடியோதான். படுகரின் பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாவுக்குப் போனால் உயர்ந்து நிற்கும் கைப்பேசிகளைப் பார்க்கலாம். குரல் அந்த வீடியோக்களுக்குள்தான் இருக்கிறது. ஆனால் குரலை வேண்டுகிறவர்களுக்கு வீடியோ உதவாது. ஆம்ஸ்டர்டாமில் பவுல் போர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய ‘ப்ராட்’ என்ற மென்பொருள்தான் உலகெங்கும் ஒலியியலாளர்களின் அன்றாடக் கருவி. அதில் ஒலிக்கோப்பைத்தான் திறக்க முடியும், வீடியோவை அல்ல. கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை நடத்தும் ‘ரேடியோ கோத்தகிரி’ போன்ற சமுதாய வானொலிக்கும் ஒலி மட்டும் போதும். ஊரை விட்டுப் போன பேரனுக்குப் பாட்டியின் பாட்டை அனுப்ப நினைக்கிறவருக்கும் அப்படித்தான். ஒரு மணி நேர முழு எச்டி வீடியோ வினாடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் பதிவாகியிருந்தால் ஏழரை ஜிபிக்கு மேல் வரும். அதற்குள் இருக்கும் ஒலி 128 கிலோபிட்டில் இருந்தால் வெறும் 58 எம்பி. எஸ்டேட் லைன் வீட்டில் சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்திலிருந்துகூட அதை அனுப்பிவிடலாம்.

வீடியோ கோப்பு என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு கதம்பம். மல்லியும் கனகாம்பரமும் மருவும் மாறி மாறித் தொடுத்திருப்பது போல, படத்துண்டு கொஞ்சம், ஒலித்துண்டு கொஞ்சம், மறுபடி படத்துண்டு என்று ஒரே நூலில் கோத்திருக்கும். எம்பி4, எம்ஓவி, எம்கேவி என்பவையெல்லாம் அந்த நூலின் பெயர்கள். உள்ளே இருப்பவற்றின் பெயர் வேறு. கைப்பேசி எம்பி4இல் ஒலி பெரும்பாலும் ஏஏசி என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கும். அதில் 1,024 மாதிரிகளுக்கு (ஒலியைக் கணத்துக்குக் கணம் அளந்த எண்களுக்கு) ஒரு பொட்டலம். வினாடிக்கு 48,000 மாதிரி என்றால், ஒரு பொட்டலம் சுமார் 21 மில்லி வினாடி. ஒலியை மட்டும் பிரிப்பது என்றால் இந்தப் பொட்டலங்களை வரிசை குலையாமல் உருவி வேறொரு கோப்பில் அடுக்குவது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவே வேண்டியதில்லை. ஆகவே ஒரு பிட்கூட மாறாது. ஒரு மணி நேரப் பதிவு சில வினாடிகளில் வெளியே வந்துவிடும்.

இணையத்தில் கிடைக்கும் இலவச மென்பொருள்கள் பலவும் ‘எம்பி3 ஆக எடு’ என்ற பொத்தானை முன்னால் வைத்திருக்கின்றன. அதை அழுத்தினால் நடப்பது வேறு. ஏஏசி பொட்டலத்தை விரித்து, மீண்டும் எம்பி3 ஆகச் சுருக்குகிறது. இரண்டுமே காதுக்குக் கேட்காது என்று தாம் கணித்ததைத் தூக்கி எறியும் முறைகள். ஒருமுறை எறிந்ததற்கு மேல் இன்னொரு முறை எறிவது இது. குறைந்த பிட் வேகத்தில் சுருக்கினால் திடீரென வெடிக்கும் ஒலிக்கு முன்னால் ஒரு மெல்லிய கசிவு சேர்ந்துகொள்ளும். ஆடொலியில் நாக்கு வினாடிக்கு 25 முதல் 30 முறை வரை தட்டுகிறது. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அந்தக் கசிவில் மங்கும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், அளக்க உட்காரும்போதுதான் தெரியும். ப்ராட்டுக்கு வேண்டிய வேவ் கோப்பாக எடுப்பதில் இந்தத் தீங்கு இல்லை. விரிப்பதோடு சரி, மறுபடி சுருக்குவதில்லை. இடம்தான் அதிகம் பிடிக்கும்: 48,000 மாதிரி, 16 பிட், இரண்டு தடம் என்றால் ஒரு மணிக்கு சுமார் 690 எம்பி. ஆகவே உள்ளே இருந்த பொட்டலத்தை அப்படியே உருவி ஒரு பிரதி, ஆய்வுக்கு வேவ் ஆக ஒரு பிரதி என இரண்டும் வைத்துக்கொள்வது நல்லது என்பேன். எம்பி3 வேண்டுமானால் கேட்பதற்கு மூன்றாவதாக இருக்கட்டும்.

இந்த வேலைகளையெல்லாம் செய்யும் இயந்திரம் பெரும்பாலும் ஒன்றுதான்: எஃப்எஃப்எம்பெக். பிரான்ஸைச் சேர்ந்த ஃபப்ரீஸ் பெல்லார் 2000இல் தொடங்கிய இலவச மென்பொருள். அழகான ஜன்னல்களோடு வரும் ஒலிபிரிக்கும் செயலிகள் பலவற்றுக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருப்பது இதுவே.

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு வீட்டு அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். 1990களின் விஎச்எஸ் கேசட். மலையின் ஈரத்தில் அதன் ஓரங்களில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருக்கக்கூடும். துடைக்காமல் பிளேயரில் போட்டால் பூஞ்சை ஹெட்டுக்கும் ஏறி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். அதற்கு அடுத்த தலைமுறை, கல்யாணத்துக்கு வந்த வீடியோகிராஃபர் எடுத்த மினிடிவி டேப். பலரும் பழையது என்று ஒதுக்கும் இந்த டேப்பில் ஒலி சுருக்கப்படாமலே இருக்கிறது: 48,000 மாதிரி, 16 பிட். இன்றைய கைப்பேசி தருவதைவிட நேர்மையான ஒலி. (சில கேமராக்களில் 32,000 மாதிரி, 12 பிட் என்று ஒரு குறைந்த அமைப்பும் இருந்தது, டேப்பைக் கணினிக்கு மாற்றும்போது எது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.) அப்புறம் வீடியோ சிடி. அதில் வினாடிக்கு 44,100 மாதிரி, 224 கிலோபிட். பிறகு டிவிடி. அதில் ஒரே நிகழ்ச்சி ஒரு ஜிபிக்கு மேல் போகாத துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும்.

அதன்பின் வந்தது 3ஜிபி. 2000களின் நடுவில் கைக்கு வந்த கைப்பேசிகள் எடுத்த, தீப்பெட்டி அளவு படம். அதில் பலவற்றின் ஒலி ஏஎம்ஆர் என்ற முறையில் இருக்கிறது. அது தொலைபேசிப் பேச்சுக்காக உருவாக்கியது. வினாடிக்கு 8,000 மாதிரிதான்.

8,000 என்பதன் பொருளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு அதிர்வை மீட்க, அதன் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் குறைந்தது இரண்டு மாதிரியாவது வேண்டும். 1928இல் ஹாரி நைக்விஸ்ட் தந்தி பற்றி எழுதியதில் கருக்கொண்டு, 1949இல் கிளாட் ஷானன் நிறுவிய கணக்கு இது. 8,000 மாதிரி எடுத்தால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கோப்பில் இருக்க முடியாது. உயிரெழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்காட்டும் ஆற்றல் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவதால் பேச்சு புரிந்துவிடும். தொலைபேசி அதனால்தான் வேலை செய்கிறது. சீறொலிகள் அப்படியில்லை. பல்லை ஒட்டிப் பிறக்கும் சகரத்தின் ஆற்றல் 4,000க்கு மேலேதான் குவிகிறது. நாக்கு பின்னால் போகப்போகக் குவியும் இடம் கீழே இறங்குகிறது. நான்கு சீறொலிகளில் எது எது என்று காட்டுவது அந்தக் குவியும் இடம். 4,000இல் கத்தரித்த கோப்பில் சீறலின் மேல்பாதியே இல்லை. முன்னே பின்னே உள்ள உயிரொலி வளைவதை வைத்துத் தாய்மொழிக்காரர் ஊகித்துவிடுவார். மொழியைப் புதிதாகக் கற்கும் பேரக்குழந்தையால் ஊகிக்க முடியாது.

இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இப்போது வருகிறது. மொத்தமாக மாற்றும்போது, எல்லாம் ஒரே சீராக இருக்கட்டும் என்று ‘வேவ், 48,000’ என ஒரே அளவைப் போடுவது வழக்கம். 3ஜிபி கோப்பும் அதே கட்டளைக்குள் போய் 48,000 மாதிரியுள்ள வேவ் ஆக வெளியே வரும். பார்த்தால் மினிடிவியிலிருந்து வந்ததற்கும் இதற்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசமே இருக்காது. ஆனால் இடையில் நிரப்பிய மாதிரிகள் கணக்குப்போட்டு எழுதியவை. ப்ராட்டில் திறந்து ஒலியின் நிறமாலையைப் பார்த்தால் 4,000 ஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. அதற்கு மேலே 24,000 வரை வெறும் வெள்ளை. மூலக் கோப்பு எது என்று தெரியாத ஆய்வாளர் பத்தாண்டு கழித்து அதைத் திறந்து, இந்தப் பாட்டியின் சகரத்தில் உயர் ஆற்றல் இல்லை, சீறொலிகள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று எழுதக்கூடும். கலந்தது பாட்டியின் நாக்கில் நடந்ததல்ல என்று அவருக்குச் சொல்ல அந்தக் கோப்பில் எதுவும் இருக்காது. ஆகவே மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு கோப்பின் உள்விவரத்தையும் (எந்த முறை, எத்தனை மாதிரி, எத்தனை தடம், எவ்வளவு நீளம்) ஓர் அட்டவணையாக எடுத்துவைக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக்குடன் வரும் ‘எஃப்எஃப்ப்ரோப்’ இதற்கென்றே இருக்கிறது. ஆயிரம் கோப்புக்கும் ஒரே ஓட்டத்தில் அட்டவணை கிடைத்துவிடும். மாற்றும்போதும் மூல மாதிரி எண்ணிக்கையை அப்படியே விட்டுவிட வேண்டும். 8,000 என்றால் 8,000 ஆகவே இருக்கட்டும்.

மொத்தமாக ஓட்டுவதில் வேறு சிக்கல்களும் உண்டு. அவற்றில் வேகம் பற்றித்தான் எல்லாரும் முதலில் கவலைப்படுகிறார்கள். எட்டு கோர் உள்ள கணினியில் எட்டு கோப்பை ஒரே நேரத்தில் ஓட்டினால் எட்டு மடங்கு வேகம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. மறுசுருக்கம் செய்தால் ஏறக்குறைய உண்மை. பொட்டலத்தை உருவுவதில் கணினியின் மூளைக்கு வேலையே இல்லை. வன்தட்டுதான் படித்து முடிக்க வேண்டும். சுழலும் வன்தட்டு வினாடிக்கு 100 எம்பி படித்தால் ஒரு டெராபைட்டுக்கு இரண்டே முக்கால் மணி நேரம். எட்டு கோப்பை ஒன்றாகக் கேட்டால் அதன் ஊசி இங்கும் அங்கும் தாவி இன்னும் தாமதமாகும். ஒன்றிரண்டாக ஓட்டி, இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம்.

பெயர் மோதல் இதைவிடக் கொடியது. சில கேமராக்கள் ஒவ்வொரு புது மெமரி கார்டிலும் 0001 என்று எண்ணத் தொடங்கும். முத்தநாடு மந்தில் (தோடர் குடியிருப்பு) எடுத்த 0001உம் கோத்தர் ஊரான கொல்லிமலையில் எடுத்த 0001உம் வேறு வேறு ஃபோல்டரில் இருக்கும். எல்லா ஒலியையும் ஒரே ஃபோல்டரில் கொட்டச் சொன்னால் இரண்டாவது முதலாவதை அழித்துவிடும். எஃப்எஃப்எம்பெக் இயல்பாக, ‘மேலெழுதட்டுமா?’ என்று கேட்டு நிற்கும். விடிய விடிய ஓட வேண்டிய வேலை அந்தக் கேள்வியில் நின்றுவிடக் கூடாதென்று ‘எதற்கும் ஆம்’ என்று கட்டளையில் சேர்த்துவிடுகிறோம். காலையில் 400 வீடியோவுக்கு 260 ஒலிக்கோப்பு இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். ஃபோல்டர் பெயரையும் கோப்புப் பெயருக்குள் சேர்த்துவிட்டால் இது நேராது. முடிந்ததும் இரு பக்க எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும். ஒவ்வொன்றின் நீளத்தையும் அட்டவணையோடு ஒப்பிட்டால் பாதியில் நின்றதும் தெரிந்துவிடும்.

நீண்ட சடங்குகளில் இன்னொன்று உண்டு. பழைய முறையில் வடிவமைத்த கார்டில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. ஆகவே கேமரா பதிவை நிறுத்தாமலே அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். கோத்தர் விழாவில் கோல் என்ற குழலும் கொம்பும் தபடுக் என்ற பறையும் இடைவிடாமல் ஒலிக்கும்போது மூன்றாவது கோப்பு ஒரு தாளத்தின் நடுவில் முடிந்து நான்காவது அதே தாளத்தின் மீதியில் தொடங்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே மறுசுருக்கம் செய்து பின் ஒட்டினால் ஒட்டிய இடத்தில் ஒரு சிறு இடைவெளியும் ‘டிக்’ என்ற ஓசையும் வரும். முதலில் வீடியோத் துண்டுகளை ஒன்றாக இணைத்து, பிறகு ஒலியை எடுக்க வேண்டும். எந்தக் கோப்பு எதன் தொடர்ச்சி என்று கணினிக்குத் தெரியாது. கூட இருந்து படம் பிடித்தவர்தான் சொல்ல வேண்டும்.

சில கோப்புகள் திறக்கவே திறக்காது. எம்பி4இல் எந்தப் பொட்டலம் எங்கே இருக்கிறது என்ற முகவரிப் பட்டியல் ஒன்று உண்டு. பதிவு முடியும் வரை அது முழுமையாகாது என்பதால் பல கைப்பேசிகள் அதைக் கடைசியில்தான் எழுதுகின்றன. ஊட்டியின் ஜனவரிக் குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கி, பாதிப் பாட்டில் போன் அணைந்துவிட்டால் படமும் ஒலியும் கோப்பில் முழுதாக இருக்கும், பட்டியல் மட்டும் இருக்காது. மொத்த ஓட்டத்தில் இந்தக் கோப்பு ஒரு பிழை வரியை விட்டுவிட்டுத் தாண்டிப்போகும். அந்தப் பிழை வரிகளைத் தனிக் கோப்பில் சேர்த்து வைக்காவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். உடைந்தது என்று அழித்துவிடாதீர்கள். அதே போனில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்று இருந்தால், அதை மாதிரியாக வைத்துப் பட்டியலைத் திரும்பக் கட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. பல நேரம் பாட்டு முழுதாகக் கிடைத்துவிடும்.

ஒலியைப் பிரித்த பிறகு பிரிந்து போவது படம் மட்டுமல்ல. யார் பாடினார், எந்த மந்தில், எந்த நாளில், யார் முன்னிலையில் என்பதெல்லாம் முகத்தோடும் இடத்தோடும் ஒட்டி வீடியோவில் தானாகவே இருந்தன. ஒலிக்கோப்பில் அவை இருக்காது. ஒரு எளிய எழுத்துக்கோப்பில் இவற்றை எழுதி ஒலியின் பெயரிலேயே வைக்க வேண்டும். கூடவே எழுத வேண்டியது: யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது. சாவுச்சடங்கில் பாடியதை வீட்டாருக்கென்று பதிய விட்டவர், அது ஊரெல்லாம் ஃபார்வர்டு ஆகச் சம்மதித்தார் என்று ஆகாது. ஏழு ஜிபி வீடியோ எளிதில் பரவாது. 58 எம்பி ஒலி ஒரு நொடியில் பரவிவிடும். சிறிதாக்கிக் கொடுக்கிறவருக்கு அந்தப் பொறுப்பும் சேர்கிறது.

நேரம் பற்றியும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். சில கோப்புகளில் ஒலித்தடம் படத்தடத்துக்குச் சற்றுப் பின்னால் தொடங்குகிறது. பிளேயர் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். தனியாக எடுத்த ஒலி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் தரும் ‘எலான்’ மென்பொருளில் படத்தையும் வேவ் கோப்பையும் பக்கத்தில் வைத்து, சொல் சொல்லாக எழுதுகிறார்கள். ஒலி பத்தில் ஒரு பங்கு வினாடி விலகினாலும் உதடு அசைவதும் எழுத்தும் பொருந்தாது. அந்தத் தொடக்க விலகலும் எஃப்எஃப்ப்ரோப் அட்டவணையிலேயே கிடைக்கிறது. ஒரு பத்தி சேர்த்துக்கொண்டால் போதும்.

இவ்வளவும் எடுத்த பிறகு வன்தட்டில் இடம் காணாது. வீடியோவை அழித்துவிடலாமா என்ற கேள்வி அப்போது வரும். வேண்டாம். சீறொலி பிறக்கையில் உதடு குவிந்ததா விரிந்ததா என்பது படத்தில்தான் தெரியும். இரண்டு கொம்பு சேர்ந்து ஒலிக்கையில் எதை யார் ஊதினார் என்பதைக் காது பிரித்துச் சொல்லாது. இன்றைக்குப் பிழை வரி விட்டுத் தாண்டிய கோப்பை நாளை வரும் மென்பொருள் திறக்கவும் கூடும். இரண்டு வன்தட்டில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ, மலை ஈரம் எட்டாத இடத்தில், தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும்.